போக்கரில் டர்னில் (நடுவில் திறக்கும் நான்காவது சீட்டு) ஏற்றிப் போட்டு ஆளைத் தனியாகப் பிரித்த அனுபவம் உண்டா?

கடைசிச்சீட்டு:
ஃப்ளாப்புக்கு (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) முன்னால் ஐசொலேஷன் ரெய்ஸ் எல்லோரும் போடுவதுதான். ஒருத்தர் சும்மா கால் பண்ணி (ஏற்றாமல், இருக்கிற பெட் அளவுக்கு மட்டும் போட்டு) உள்ளே வருவார், நாம் ஏற்றிப் போட்டு மற்றவர்களைக் கழற்றிவிட்டு அவரோடு மட்டும் ஆடுவோம். டர்னில் அதையே செய்தவர்கள் சொல்லுங்கள், முதலில் என் கதை.

கோவா, மாண்டவி ஆற்றில் நிற்கும் படகு ஒன்றில் 100/200 (ஆட்டம் தொடங்கும்முன் வைக்கும் கட்டாய பெட்) டேபிள் (ஆன்லைன் பண ஆட்டத்தை 2025 சட்டம் மூடிவிட்டதே, இனி நேரில்தான்). கையில் ஏஸ்-குயின். ஃப்ளாப்பில் குயின், 9, 4, அதில் இரண்டு ஹார்ட்டின்; டர்னில் கிளாவர் 2. மூன்று பேர், பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 6,000. எனக்கு முந்தின ஆசாமி சீட்டைப் பார்த்தாரோ இல்லையோ பெட் போடுகிற ரகம், 2,000 தள்ளினார். பின்னால் இருந்தவர் தன் முறை வருவதற்கு முன்பே சரியாக 2,000-க்கு சிப்ஸை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டார்.

நானும் கால் பண்ணினால் பாட் 10,000. பின்னால் இருந்தவரிடம் ஹார்ட்டின் டிரா (நான்கு ஹார்ட்டின் சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பது) என்றால் பார்க்காத 46 சீட்டில் 9 அவருக்கு, கிட்டத்தட்ட 20 சதவீதம். 10,000-க்காக 2,000 போட அவருக்குத் தேவையோ 17 சதவீதம்கூட இல்லை, மகிழ்ச்சியாக வருவார். அதனால் 7,000 ஆக்கினேன். இப்போது 15,000-க்காக 7,000 போட வேண்டும், 32 சதவீதம் தேவை. எண்ணி வைத்த சிப்ஸைத் திரும்ப அடுக்கிவிட்டு ஃபோல்ட் (சீட்டைக் கீழே போட்டு விலகினார்). முதல் ஆள் முனகிக்கொண்டே கால், ரிவரில் (கடைசி, ஐந்தாவது சீட்டு) 8,000-க்கும் கால், காட்டியது வெறும் 9 ஜோடி.

முதல் ஆள் இறுக்கிப் பிடித்து ஆடுகிறவராக இருந்திருந்தால் ரெய்ஸ் பக்கமே போயிருக்க மாட்டேன். அப்படிப்பட்டவர் மூன்று பேர் இருக்கும்போது டர்னிலும் பெட் போடுகிறார் என்றால் என் ஒற்றை ஜோடியோடு அவரிடம் தனியாகப் போய் நிற்பது வம்பை விலைக்கு வாங்குவது.

ரிவர்ராஜா:
அண்ணே, டோர்னமென்ட்டில் இதைக் கோணலாகச் செய்த ஒருவரைப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒருத்தர் வெளியேறினால் மீதி எல்லோருக்கும் பரிசுப் பணம். கொஞ்சூண்டு சிப்ஸ் வைத்திருந்தவர் ஆல்-இன் (மொத்த சிப்ஸையும் தள்ளினார்), நாங்கள் இருவர் கால், ஃப்ளாப்பில் இருவருமே செக் (பெட் போடாமல் விட்டோம்), சைடு பாட் (ஆல்-இன் ஆளுக்குப் பங்கில்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போடும் பணம்) காலி. டர்னில் அந்தப் புண்ணியவான் பெரிதாக ஒரு பெட் போட, நான் 8 ஜோடியைக் கீழே போட்டேன். கடைசியில் திறந்தால் அவரிடம் கிங்-ஜாக், ஒன்றுமே சேரவில்லை! ஆல்-இன் ஆள் 5 ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று மடங்காகிவிட்டார். ஆல்-இன் போனவரை ஃபோல்ட் பண்ண வைக்க முடியாது, சைடு பாட்டிலும் காசில்லை, அப்புறம் யாரை மிரட்ட அந்த பெட்? மொத்த டேபிளும் அவரை முறைத்தது.

பாதிபிளஃப்:
ரிவரில் யாராவது இப்படி ஏற்றுகிறீர்களா? எனக்குப் புரிந்தவரை அங்கே டிரா என்று எதுவும் மிச்சமில்லை, விலை ஏற்றித் துரத்த ஆளும் இல்லை. போன மாதம் ஏஸ்-குயினோடு ரிவரில் சும்மா கால் மட்டும் பண்ணினேன், பின்னால் இருந்தவர் குயின்-10 வைத்துக்கொண்டு அவரும் கால் பண்ணினார், இரண்டு பேர் காசும் என் பக்கம் வந்தது. ரெய்ஸ் போட்டிருந்தால் அவர் ஓடியே போயிருப்பார்.