மழைக்கு மூடி வெச்ச வண்டி: கிக்கர் அடிக்கறதுக்கு முன்னாடி கிண்ணத்தைப் பாருங்க

குன்னூர்ல இருந்து:

ஜூன் மழைக்கு மூடி வெச்ச பைக்கை ஜனவரியில வெளியே தள்ளி, நேரா கிக்கர் மேல ஏறி நிக்கறதுதான் இங்க பல பேர் பண்ற முதல் தப்பு. நாப்பது கிக்குல பிளக் நனைஞ்சதுதான் மிச்சம். மலையில நின்ன வண்டிக்குப் பழைய பெட்ரோலை விட தண்ணிதான் பெரிய எதிரி. டேங்க் மூடி ரப்பர் காஞ்சு போயிருந்தா மழைத்தண்ணி நேரா இறங்கும். டேங்க் பாதி காலியா இருந்தா ஈரக்காத்து உள்ள போய் ராத்திரிக் குளிர்ல வேர்க்கும். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கறாங்க. அது தண்ணியைக் குடிச்சுக்கும், அளவு மீறினா தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கிடும். குளிர் கூடக்கூட கொஞ்சத் தண்ணிக்கே பிரியும்.

அதனால முதல்ல பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தோட அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, வர்றதை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. பத்து நிமிஷம் ஆடாம வெச்சு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. அடியில தண்ணி தனி அடுக்கா நின்னா டேங்கையே முழுசா காலி பண்ணணும், மேல புது பெட்ரோல் ஊத்தி ஏமாத்த முடியாது. டேப்போட வலையையும் கழட்டித் துடைங்க.

அடுத்தது கார்புரேட்டருக்குள்ள இருக்கற பைலட் ஜெட். ஸ்டார்ட் ஆகறதுக்கு வேண்டிய பெட்ரோல் இந்த முடி அளவு ஓட்டை வழியாதான் வருது, காஞ்ச பெட்ரோலோட பிசின் முதல்ல அடைக்கறதும் இங்கதான். சோக் (குளிர்ல பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கற லீவர்) போட்டா மட்டும் ஓடி, எடுத்தா நின்னு போற வண்டிக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஊசி, இரும்புக் கம்பி எதையும் விடாதீங்க, பித்தளை தேஞ்சு ஓட்டை பெரிசாயிடும். கிளீனர்ல ஊறவெச்சு, ஒயரிலிருந்து உருவின ஒத்தைச் செம்பு இழையை விட்டு எடுங்க. கண்ணுக்கு நேரா பிடிச்சா வட்டமா வெளிச்சம் தெரியணும். கார்புரேட்டர்ல காத்து அளவை மாத்தற ஏர் ஸ்க்ரூவை மெதுவா முழுசா மூடி, ஒன்றரைச் சுத்து திறந்து விடுங்க. மிச்சத்தை வண்டி சூடான பிறகு சரி பண்ணிக்கலாம்.

கோத்தகிரியில இருந்து:

குன்னூர் அண்ணன் சொன்னதோட கரண்ட் பக்கத்தை, அதாவது பிளக்ல பொறி வர்ற விஷயத்தைச் சேர்த்துக்கறேன். பிளக்கைக் கழட்டினதும் சிலிண்டருக்குள்ள ஒரு டீ ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தைக் கையால மெல்லச் சுத்துங்க. சுத்தலைன்னா அழுத்தாதீங்க, பிஸ்டன் ரிங் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். டீசலும் ஆயிலும் கலந்து விட்டு ரெண்டு நாள் ஊறணும்.

கரண்ட் பார்க்கறப்போ பிளக்கை ஹெட்டுல ஒட்டிப் பிடிங்க, ஆனா பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல வேண்டாம். அதுல பெட்ரோல் ஆவி வரும். ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர் மாதிரி சிடிஐ (பொறியைத் தர்ற எலக்ட்ரானிக் பெட்டி) வண்டியில பிளக் கேப்பைத் தொங்கவிட்டு கிக் அடிச்சா சிடிஐயே போக வாய்ப்பு இருக்கு. நீலமா சொடுக்குச் சத்தத்தோட வந்தா நல்ல கரண்ட். மஞ்சளா வந்தா முதல்ல கேப்பைத் திருகி எடுத்து, ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிப் பாருங்க. பனி ஈரத்துல செம்பு பச்சை பிடிச்சிருக்கும்.

பாயிண்ட் (பொறிக்குக் கரண்டை விட்டு வெட்டற சின்ன சுவிட்ச்) வெச்ச பழைய புல்லட்ல, கரண்ட் ஓட்டத்தைக் காட்டற அம்மீட்டரே பாதி டாக்டர். சாவி போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினா முள் மைனஸ் பக்கம் சாஞ்சு, பாயிண்ட் திறக்கறப்போ நடுவுக்கு வரணும். அசையவே இல்லைன்னா பேட்டரி செத்திருக்கும், இல்ல பாயிண்ட்ல வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். சாஞ்சபடியே நின்னா பாயிண்ட் திறக்கலை, அல்லது கண்டன்சர் ஷார்ட். படலத்தைத் தேய்க்க நைஸ் எமரித் தாளால ரெண்டு இழுப்பு போதும். அந்தத் தூளும் கரண்டைத் தடுக்கும்கறதால, பெட்ரோல்ல நனைச்ச கெட்டி அட்டையை நடுவுல விட்டு இழுங்க. பாயிண்ட் திறந்திருக்கறப்போ இடைவெளி 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர்.

ஊட்டியில இருந்து:

கோயமுத்தூர்ல ட்யூனிங் பண்ணின வண்டி இங்க 2,200 மீட்டர் உயரத்துல பெட்ரோலை அதிகமாத்தான் குடிக்கும். காத்து அங்க இருக்கறதை விட சுமார் ஆறில் ஒரு பங்கு மெலிசு. அதனால சோக் ரெண்டு மூணு கிக்குக்கு மட்டும். பிளக் நனைஞ்சு வந்தா சோக்கை எடுத்து, டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுசா திறந்து எட்டு பத்து கிக் அடிங்க. ஓட ஆரம்பிச்ச பிறகும் பிளக் கரியா இருந்தா கார்புரேட்டர் நீடிலோட (பெட்ரோல் அளவை மாத்தற ஊசி) கிளிப்பை ஒரு படி மேல மாத்துங்க, பெட்ரோல் குறையும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்க. எஸ்டேட் ஷெட்டுல நின்ன வண்டின்னா எலிக்கூடு இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். சரிவுல உருட்டி ஸ்டார்ட் பண்ணாதீங்க. நின்ன வண்டியில பிரேக் டிரம் துருப்பிடிச்சு பிரேக் பிடிக்காம போகும், பிடிச்சா விடாமலும் போகும். கிளட்ச் பிளேட் ஒட்டியிருந்தா லீவரைப் பிடிச்சாலும் வண்டி பாயும். முந்தின ராத்திரியே கிளட்ச் லீவரை ஹேண்டில்பாரோட சேர்த்துக் கட்டி வைங்க. காலையில சமதளத்துல நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் சூடாக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சுட்டே முதல் கியர் போடுங்க.