பேட்ச் கோப்பில் எக்ஸிட்கோட் மாறியைச் சுழற்சிக்குள் வாசிப்பது எப்படி?

கொக்குவிலில் உள்ள எமது ஸ்டூடியோவில், விண்டோஸ் 10 (22எச்2) கணினியிலிருந்து வெளி ஹார்ட்டிஸ்க்குக்குப் படக் கோப்புறைகளை ரோபோகாப்பி கட்டளை மூலம் பிரதியெடுக்கும் பேட்ச் கோப்பொன்று (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) மாசித் தொடக்கத்திலிருந்து தொல்லை தருகிறது. ஒவ்வொரு கோப்புறைக்கும் ரோபோகாப்பி திருப்பித்தரும் முடிவு எண்ணை ஒரு பதிவுக் கோப்பில் (லாக்) எழுத, செட் கட்டளையின் உதவிப் பக்கம் குறிப்பிடாததும் சமக்குறியோடு தொடங்குவதுமான எக்ஸிட்கோட் மாறியைப் பயன்படுத்துகிறேன். சுழற்சிக்கு வெளியே அது ஒழுங்காக 00000001 என்று பதினறும எண்ணில் காட்டுகிறது. ஃபோர் சுழற்சியின் அடைப்புக்குள்ளோ, முழுத் தொகுதியும் ஒரே தடவையில் வாசிக்கப்படுவதால், பழைய பெறுமதியே திரும்பத் திரும்ப வருகிறது.

தாமத விரிவாக்கத்தை (ஆச்சரியக்குறிகளுக்கிடையே எழுதிய மாறியை, வரி ஓடும்போதே வாசிக்கும் வசதி) இயக்கினால் எண் சரியாகிவிடுகிறது, ஆனால் "சாமத்தியவீடு அவசரம்!" போன்ற பெயர்களிலுள்ள ஆச்சரியக்குறி விழுங்கப்பட்டு, மூலக் கோப்புறை இல்லையென்று ரோபோகாப்பி 00000010, அதாவது 16 என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. (எங்கள் பையன்களுக்கு எல்லாமே அவசரந்தான்.) அந்த வசதியை ஒவ்வொரு சுற்றிலும் செட்லோக்கலால் தொடங்கி எண்ட்லோக்கலால் முடித்தும் பார்த்தேன், தோல்விகளின் எண்ணிக்கையை வைத்திருந்த மாறி எண்ட்லோக்கலோடு அழிந்தது. "இஃப் எரர்லெவல் 8" என்பது எண் 8 அல்லது அதற்கு மேல் என்று தோல்வியை மட்டும் சொல்கிறது, எனக்கோ சரியான எண் வேண்டும். வாடிக்கையாளருக்குப் பழகிய கோப்புறைப் பெயர்களை மாற்றவும் இயலாது.

ஆச்சரியக்குறியும் எண்ணிக்கையும் கெடாமல், சுழற்சிக்குள் அந்த மாறியின் நடப்புப் பெறுமதியை வாசிக்க பேட்ச் மொழியிலேயே வழி உண்டா?