மொடல் ஹெலி தலைகீழா நிக்குது, பெரிய ஹெலியால ஏன் ஏலாது?

உப்புவெளிப்பெடியன்:
வணக்கம். யூடியூப்பில 3டி ஹெலி வீடியோ பாத்துக்கொண்டிருக்கிறன், 700 சைஸ் மொடலை தலைகீழாக்கி புல்லுக்கு மேல ஒரு முழ உயரத்தில நிப்பாட்டி வச்சிருக்கிறாங்கள், பிறகு அப்பிடியே பின்பக்கமா பறக்குது, உருளுது. இஞ்ச சீனக்குடாவில இருந்து எங்கட வீட்டுக்கு மேலால போற பெல் 212 நேரா வருது, கொஞ்சம் சரிஞ்சு திரும்புது, போகுது, அவ்வளவுதான். எஞ்சின் பவர் காணாதா, இல்லாட்டி பைலட்மாரை விடமாட்டாங்களா? பெரிய ஹெலியைக் கவிட்டா உடன விழுந்திடும் எண்டு அப்பா சொல்றார்.

காத்தாடி:
அப்பா சொன்னது சரி தம்பி. லூப் அடிக்கிறது, அதாவது மேல ஏறிக் கவிண்டு வட்டமா வாறது, பிளேன்ர வேலை, பெரிய ஹெலி ஒண்டும் அடிக்காது.

கொட்டியாரத்தான்:
அடிக்கும். சிகோர்ஸ்கி எஸ்-52 1949லயே லூப் அடிச்சிட்டுது. ரெட்புல்காரர் ஜேர்மன் பிஓ 105ஐ வச்சு ஏர்ஷோவில லூப், ரோல் எல்லாம் காட்டினவை, பிரிட்டிஷ் லிங்ஸும் உருளும். ஆனா லூப்பின்ர உச்சியில கவிண்டு இருக்கேக்கயும் ரோட்டர் (மேல சுத்துற விசிறி) ஹெலியை வட்டத்தின்ர நடுவுக்குத்தான் இழுத்துக்கொண்டிருக்கும், பைலட் சீற்றில அமந்துதான் இருப்பார். தம்பி கேக்கிற தலைகீழா நிக்கிறது வேற கதை, அதுக்கு பிளேட் மற்றப் பக்கமா காத்தைத் தள்ளோணும்.

மொடல்ல பிளேட்டின்ர மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே வளைவு, பிட்சை (பிளேட் சரிஞ்சிருக்கிற கோணம்) பிளஸ் 12 பாகையில இருந்து மைனஸ் 12 மட்டும் செற் பண்ணுவம். மோட்டர் வயரைக் கழட்டிப்போட்டு பற்றரியைக் குடுத்து ரிமோட் ஸ்டிக்கை நடுவில இருந்து மெதுவா கீழ இழுத்துப் பாருங்கோ, பிளேட்டின்ர முன்விளிம்பு குனியிறது கண்ணாலயே தெரியும். பெரிய ஹெலியில அந்த மைனஸ் பக்கம் கிட்டத்தட்ட இல்லை. இருந்தாலும் எஞ்சினுக்குப் போற ஒயில், எரிபொருள் எல்லாம் கவிண்டபடி கனநேரம் ஓடுற மாதிரிச் செய்யேல்லை.

பெல் 212க்கு இன்னொரு கரைச்சல். ரெண்டு பிளேட், சீசோப் பலகை மாதிரி ஒரே கீலில ஆடுற ரோட்டர் தலை, கீழ பாடி தொங்கிக்கொண்டு வாறதாலதான் பைலட்டின்ர சொல்லைக் கேக்குது. மூக்கைச் சடாரெண்டு கீழ தள்ளி பாரம் இல்லாமப் போச்செண்டா ரோட்டர் சரிஞ்சாலும் பாடி கூடப் போகாது, வால் ரோட்டர் அதை ஒரு பக்கமா உருட்டும், பைலட் மறுபக்கம் ஸ்டிக்கைத் தள்ளுவார், ரோட்டர் ஹப் (பிளேட் பூட்டியிருக்கிற நடுத்துண்டு) போய் மாஸ்ட்டில, அதாவது ரோட்டரைச் சுத்துற தண்டில, இடிக்கும். மாஸ்ட் பம்பிங் எண்டுறது இதைத்தான், மாஸ்டே முறியலாம். ரொபின்சன் ஆர் 44, பெல் 206க்கும் இதே பயம்தான். பிஓ 105க்கு கீல் இல்லாத டைட்டேனியம் தலை, அதாலதான் அந்த விளையாட்டெல்லாம்.

காத்தாடி:
ஏர்ஷோ ஹெலியை விடுங்கோ, நான் பொதுவாச் சொன்னன் 😄

ஓர்ஸ்ஹில்:
பவர் கேள்வியையும் தள்ளேலாது. 700 மொடல்ல ரோட்டர் 1.6 மீற்றர் அளவு, நிமிசத்துக்கு 2000 சுத்து. பிஓ 105ல 9.84 மீற்றர், 424 சுத்து. பிளேட் நுனி வேகத்தைக் கணக்குப் பாத்தா மொடல் செக்கனுக்கு 170 மீற்றர் வரும், பெரிசு 218, பெரிய வித்தியாசம் இல்லை. நுனி ஒலி வேகத்தைக் கிட்ட வந்தா இழுவையும் இரைச்சலும் ஏறும், ஆனபடியா பெரிசை இதுக்கு மேல சுத்தவும் ஏலாது. அதே வடிவத்தை ரெண்டு மடங்கு நீளமாக்கினா பிளேட் பரப்பு நாலு மடங்கு, பாரம் எட்டு மடங்கு. மொடலுக்கு பாரம் குறைவு, பவர் மிச்சம், உள்ளுக்க ஆளும் இல்லை.

உப்புவெளிப்பெடியன்:
நன்றி அண்ணைமார். என்னட்ட நாலு சானல் சின்ன ஹெலி ஒண்டு கிடக்கு, அதைக் கவிட்டுப் பாக்கலாமோ?

கொட்டியாரத்தான்:
வேண்டாம், அது பிக்ஸ்ட் பிட்ச், பிளேட் கோணம் மாறாது, கவிட்டா நேர கீழதான் வரும். பிளேட் கோணத்தை மாத்தக்கூடிய கொலெக்டிவ் பிட்ச் எடுங்கோ, அதுக்கு முதல் கொம்பியூட்டர் சிமுலேட்டர்ல நல்லா உடைச்சுப் பழகுங்கோ, அதில உடைஞ்சா காசு போகாது. சீனக்குடாப் பக்கம் கொண்டு போக வேண்டாம், அது விமானத்தளம், வேற இடத்திலயும் அனுமதி விசயத்தை சிவில் விமானசேவை அதிகாரசபையில கேட்டிட்டு விடுங்கோ. கவிழ்க்க முதல் ரிமோட்டில ஐடில் அப் சுவிட்சைப் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. அதில ஸ்டிக் கீழ போனாலும் ரோட்டர் வேகம் குறையாது, நோர்மல் மோட்ல ஸ்டிக்கை இழுத்தா மோட்டரே நிண்டிடும்.