கொல்லைல குளவி கூடு, என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்

வடுவூர்க்காரன்
எல்லாருக்கும் வணக்கம், வீட்டு கொல்லைல குளவி கூடு கட்டிருக்கு, நேத்துதான் தெரிஞ்சுது, என்ன மருந்து அடிச்சா போகும் எந்த கடைல கெடைக்கும், நாளைக்கு காலைல மட்டை கழிக்க ஆள் வருது அதுக்குள்ள எடுத்தாகணும். ஹிட் ஸ்ப்ரே போதுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செம்பருத்தி
குளவி கூட்ட கலைக்காதீங்க தம்பி. வீட்டுல குளவி கூடு கட்டுனா புள்ள உண்டாகும்னு எங்க ஆத்தா சொல்லும். எங்க வீட்டு ஜன்னல் ஓரமா ரெண்டு தடவ கட்டிருக்கு, ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணல, அதுபாட்டுக்கு போயிடுச்சு.

கொள்ளிடக்கரை
என்ன குளவி? மரத்துலயா சுவத்துலயா? எவ்ளோ உயரம், கூடு எவ்ளோ பெருசு? ஒண்ணுமே சொல்லாம மருந்து மட்டும் கேட்டா எப்படி ப்ரோ

நாஞ்சில் தம்பி
போட்டோ இருந்தா போடுங்க. அதுக்காக கிட்ட போயிடாதீங்க, தூரமா நின்னு ஜூம் பண்ணி எடுங்க.

பூச்சிப்பித்தன்
இந்த கேள்விக்கு இங்க நானே எத்தனை தடவ பதில் எழுதிருக்கேன்னு தெரியல, கேக்குறதுக்கு முன்னாடி பழசை தேடிப் பாக்குற பழக்கம் ஒருத்தருக்கும் கெடையாது. செம்பருத்தி சொல்றது மண்குளவி. அது தனியா வாழுற பூச்சி, மண்ணால அறை கட்டி, புழுவ கொட்டி அசையவிடாம பண்ணி உள்ள வச்சு, முட்டை போட்டு மூடிட்டு போயிடும். கொட்ட கொட்ட புழு குளவியாகும்னு சொல்றாங்களே, புழு குளவியாகாது, அந்த புழுவ தின்னுதான் குளவிக் குஞ்சு வளருது. கூட்டமா வந்து ஆள துரத்தாது. மட்டை கழிக்க ஆள் வருதுன்னா இவர் வீட்டுல கூடு தென்னைலதான் இருக்கணும், அப்போ அது கதண்டு. மரத்த அரைச்சு காகிதம் மாதிரி ஆக்கி பானையாட்டம் கட்டும். ரெண்டையும் குளவின்னு ஒரே பேர்ல சொன்னா இப்படித்தான் பாதிப் பேரு தப்பா பதில் சொல்லுவாங்க.

வயக்காட்டான்
கதண்டுன்னா ஒரே வழிதான். நீளமான மூங்கில்ல பழந்துணிய சுத்தி டீசல்ல நனைச்சு ராத்திரி கொளுத்தி கூட்டு வாயில வச்சிடணும். எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான், மருந்து கிருந்துக்கெல்லாம் அது சாகாது.

கொள்ளிடக்கரை
அண்ணே தென்னைல காஞ்ச மட்டை தொங்கும், பன்னாடை வேற, தீ வச்சா மரமே எரியும். பக்கத்துல வைக்கோப் போர் கீத்துக் கொட்டகை இருந்தா என்ன ஆகும்?

வடுவூர்க்காரன்
சாரி வேலைல இருந்தேன். ஆமா தென்னமரம்தான், 15 அடி இருக்கும், கூடு பெரிய சொம்பு சைஸ்னு அம்மா சொன்னாங்க, பூச்சி கருப்பு, வயித்துல மஞ்சப் பட்டை. சர்வீஸ் வயர் அந்த மரத்த ஒட்டித்தான் போகுது. நான் சென்னைல இருக்கேன், ஊர்ல அம்மா மட்டும்தான்.

கொள்ளிடக்கரை
இத மொதல்லயே சொல்லிருக்கணும்யா! அம்மாவ கொல்லைப் பக்கமே போக வேணாம்னு சொல்லுங்க, மட்டை கழிக்கிறவருக்கு இப்பவே போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க. அவரு மரத்துல ஏறுற அதிர்வே போதும், மொத்தமும் கெளம்பிடும், பாதி மரத்துல மனுசன் எங்க ஓடுவாரு.

நாஞ்சில் தம்பி
எங்க ஊர்ல இத கடந்தல்னு சொல்லுவோம். கதண்டுன்னா இங்க யாருக்கும் புரியாது.

வயக்காட்டான்
கதண்டுதான் சரியான பேரு. தஞ்சாவூர் திருவாரூர் புதுக்கோட்டை எங்க வேணா போய் கேளுங்க.

தாமிரபரணி
திருநெல்வேலில கடந்தை. நீங்க மூணு மாவட்டத்த சொன்னா அதுவே தமிழ்நாடு ஆயிடுமா?

வயக்காட்டான்
நான் அப்படி எங்க சொன்னேன்? பேப்பர்ல விஷவண்டுன்னு போடுறான், அத போய் கேளுங்க மொதல்ல. அது வண்டே கெடையாது.

பூச்சிப்பித்தன்
வண்டு இல்லங்கறது சரி. மத்தது எல்லாமே வட்டார வழக்கு, எதுவும் தப்பு இல்ல.

வார்டு அக்கா
பேரு சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க, அங்க ஒரு அம்மா தனியா இருக்காங்க. நான் நர்ஸ், கதண்டு கொட்டி வந்தவங்கள பாத்திருக்கேன். தேனீ கொட்டுனா கொடுக்கு தோல்லயே தங்கிடும், அதோட அந்த தேனீ செத்துடும். கதண்டு அப்படி இல்ல, ஒண்ணே திரும்பத் திரும்ப கொட்டும். கூட்டுக்கிட்ட ஒண்ண அடிச்சு நசுக்குனா அந்த விஷ வாடைக்கே மத்தது எல்லாம் வரும். ஒரே ஒரு கொட்டுலயே சிலருக்கு மூச்சு முட்டும், உதடு நாக்கு வீங்கும், மயக்கம் வரும், அப்போ ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம 108. அதுக்கு தொடைல அட்ரினலின் ஊசி போடணும். நெறைய கொட்டு வாங்குனவங்க அப்போதைக்கு நல்லா பேசிக்கிட்டு இருந்தாலும் விடாதீங்க, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுகூட கிட்னி பாதிக்கும், ஒண்ணுக்கு கருஞ்செவப்பா கட்டங்காபி கலர்ல போனா அதுதான் அறிகுறி. பாம்புக்கு இருக்குற மாதிரி இதுக்கு முறிவு மருந்து கெடையாது.

செம்பருத்தி
சுண்ணாம்பு தடவுனா விஷம் இறங்கும்ல அக்கா?

வார்டு அக்கா
விஷம் தோலுக்கு உள்ள போயிடுதும்மா, மேல தடவுற சுண்ணாம்பு அங்க எட்டாது. சோப்பு போட்டு கழுவி ஐஸ் வைங்க. கை வீங்குறதுக்குள்ள மோதிரம் வளையல கழட்டிடுங்க.

தோட்டத்துத் தேன்
இங்க யாராச்சும் கூட்ட கலைக்க வேணாம்னு சொல்றதுக்குள்ள சொல்லிடுறேன், நான் தேனீப் பெட்டி வச்சிருக்கேன், இந்த கதண்டு பெட்டி வாசல்லயே நின்னு ஒவ்வொரு தேனீயா கவ்விட்டு போகும், எனக்கு அது மேல இரக்கமே வராது.

பூச்சிப்பித்தன்
பயிர்ல இருக்குற புழுவையும் அதுதான் புடிக்குது, அதயும் சேத்து சொல்லுங்க. காட்டு ஓரமா யாரும் போகாத எடத்துல இருந்தா விட்டுடணும். இது வீட்டுக் கொல்லை, அம்மா நடமாடுற எடம், அதனால எடுக்கத்தான் வேணும், ஆனா இவங்க எடுக்கக் கூடாது. ஹிட் அடிக்கணும்னா கிட்ட போகணும், வயர் பக்கத்துல கம்ப நீட்டுறது அதவிட ஆபத்து. 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்பு நிலையத்துல இருந்து வந்து எடுப்பாங்க. கூடு எந்த உயரத்துல இருக்கு, கரண்ட் வயர் ஒட்டிப் போகுதுன்னு ரெண்டையும் போன்லயே சொல்லிடுங்க.

கொள்ளிடக்கரை
இருட்டுனப்புறம்தான் வருவாங்க, அப்பதான் எல்லாம் கூட்டுக்குள்ள அடங்கிருக்கும். அந்தப் பக்கம் லைட்ட அணைச்சிட்டு கதவு ஜன்னல சாத்திட்டு உள்ள இருக்கச் சொல்லுங்க, வெளிச்சத்துக்கு வரும். மாடு கன்னு கட்டிருந்தா வேற பக்கம் மாத்திக் கட்டுங்க, அது அவுத்துக்கிட்டு ஓட முடியாதுல்ல.

வயக்காட்டான்
நான் சொன்ன தீப்பந்தத்தத்தான் அவங்களும் கொண்டு வருவாங்க பாருங்க.

கொள்ளிடக்கரை
வரட்டும் அண்ணே, அவங்க கவசம் போட்டு தண்ணி வண்டியோட வருவாங்க.

நாஞ்சில் தம்பி
வடுவூர் ப்ரோ என்ன ஆச்சு? அம்மா நல்லா இருக்காங்களா?

கொள்ளிடக்கரை
ரெண்டு நாளாச்சு, ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி.

வடுவூர்க்காரன்
மன்னிச்சுக்கோங்க, ஊருக்கு வந்துட்டேன். அன்னிக்கே ராத்திரி 8 மணிக்கு வந்தாங்க, லைன் ஆஃப் பண்ண வச்சு மருந்து அடிச்சு கூட்ட எடுத்துட்டாங்க, காசு எதுவும் கேக்கல. அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் நன்றி, வார்டு அக்காவுக்கு தனியா.

தோட்டத்துத் தேன்
என்ன மருந்துன்னு கேட்டீங்களா?

பூச்சிப்பித்தன்
வெளிய போயிருந்த பூச்சி ஒண்ணு ரெண்டு பழைய எடத்துக்கே வந்து சுத்தும், சில நாள் அந்த மரத்துக்கிட்ட போக வேணாம். மட்டை கழிக்கிறத அடுத்த வாரம் வச்சுக்கோங்க.

தோட்டத்துத் தேன்
வடுவூர் தம்பி, மருந்து பேரு?