அத்தோல் முர்ரே குடும்பம்: 1745-இல் அண்ணன் தம்பிகள் பேசிவைத்துப் பிரிந்தார்களா?

மலைக்காற்று:
ஸ்காட்லாந்தின் அத்தோல் டியூக் குடும்பத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1745 ஜாக்கோபைட் கிளர்ச்சியில், அதாவது பிரிட்டனில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் ஆட்சியில் அமர்த்த நடந்த கிளர்ச்சியில், மூத்தவர் வில்லியம், க்ளென்ஃபினனில் அந்த வம்சத்து இளவரசர் சார்லஸுக்காகக் கொடியேற்றுகிறார். தம்பி ஜார்ஜ் அதே படையின் தளபதி. இடைப்பட்ட ஜேம்ஸ் மட்டும் லண்டன் அரசின் பக்கம், டியூக் பட்டமும் அவரிடம்தான். யார் ஜெயித்தாலும் சொத்து வீட்டிலேயே இருக்கட்டும் என்று போட்ட திட்டமா இது? கடைசியில் பட்டம் ஜார்ஜின் மகனுக்குப் போனதாமே, எப்படி?

பழஞ்சுவடி:
1745-க்கு அந்தச் சந்தேகம் பொருந்தாது. 1715 கிளர்ச்சியிலேயே அப்பா அரசின் பக்கம் நிற்க வில்லியமும் ஜார்ஜும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். வில்லியமின் உரிமை பறிபோனதும் அடுத்த மகன் ஜேம்ஸுக்கு வாரிசுரிமை கிடைக்கும்படி அப்பா நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே வாங்கினார். சொத்தைக் காப்பாற்றிய வேலை அதுதான், 1745 வருவதற்கு முப்பது வருஷம் முன்பே முடிந்துபோனது. ஜார்ஜ் மன்னிப்புப் பெற்று ஊரில் அமைதியாக இருந்தவர். மறுபடி கிளம்பும்போது, உயிர், சொத்து, மனைவி மக்கள் எல்லாவற்றையும் பணயம் வைக்கிறேன், தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று ஜேம்ஸுக்கே கடிதம் எழுதினார். திட்டம் போட்டவர் எழுதுகிற கடிதமா அது? 1746 மார்ச்சில் அரசுப் படை தங்கியிருந்த பிளேர் கோட்டையை, தன் குடும்பத்துக் கோட்டையையே, முற்றுகையிட்டுச் சூடேற்றிய குண்டுகளால் அடித்தார். பிரிட்டனில் கடைசியாக முற்றுகைக்கு உள்ளான கோட்டை அதுதான் என்பார்கள். கலோடன் போரில் கிளர்ச்சிப் படை தோற்ற பிறகு வில்லியம் லண்டன் டவர் சிறையில் இறந்தார், ஜார்ஜ் தப்பியோடி 1760-இல் நெதர்லாந்தில் இறந்தார்.

குமரிவாசகி:
பட்டம் போன கதைக்கு வருகிறேன். ஜேம்ஸுக்கு உயிரோடு மகன் இல்லை, மகள் சார்லட் இருந்தார். 1753-இல் அவரை ஜார்ஜின் மகன் ஜான் கல்யாணம் செய்துகொண்டார். நம் கணக்கில் பெரியப்பா மகள், தங்கை முறை! அங்கே அது ஒரு பேச்சே இல்லை. 1764-இல் ஜேம்ஸ் இறந்ததும், தேசத்துரோகி என்று தீர்க்கப்பட்டவரின் மகன் பட்டம் பெறலாமா என்ற கேள்வி பிரபுக்கள் சபைவரை போய், பெறலாம் என்று முடிவானது. சார்லட் வழியாக, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவின் ஆட்சியுரிமையும் வந்தது. அதை அடுத்த வருஷமே 70,000 பவுண்டுக்கு அரசிடம் கொடுத்துவிட்டார்கள். திட்டம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால் எனக்கு இந்தக் கல்யாணம்தான் அப்படித் தெரிகிறது.

மலைக்காற்று:
அருமை, இருவருக்கும் நன்றி. இப்போது கோட்டை யாரிடம் இருக்கிறது?

வழிப்போக்கன்:
குடும்பத்திடம் இல்லை. பத்தாவது டியூக் கல்யாணமே செய்துகொள்ளாமல் 1996-இல் இறந்தார், கோட்டையும் நிலத்தின் பெரும்பகுதியும் அறக்கட்டளைக்குப் போய்விட்டன. பட்டம் தென்னாப்பிரிக்காவில் இருந்த தூரத்துப் பங்காளிக்கு. அத்தோல் ஹைலாண்டர்ஸ் என்ற தனிப்படை மட்டும் டியூக்கோடு ஒட்டியிருக்கிறது. 1845-இல் விக்டோரியா ராணி அதற்குக் கொடி வழங்கினார், ஐரோப்பாவில் மிஞ்சிய ஒரே தனியார் படை என்பார்கள், வேலை என்னவோ அணிவகுப்புதான். இதே பெயரில் முன்பு அரசுப் படைப்பிரிவு ஒன்றும் இருந்தது. 1783-இல் கிழக்கிந்தியாவுக்குக் கப்பலேறச் சொன்னபோது, நாங்கள் ஒப்புக்கொண்ட சேவைக்காலம் முடிந்துவிட்டது என்று போர்ட்ஸ்மவுத்தில் கலகம் செய்து, படைப்பிரிவே கலைக்கப்பட்டது.