பெத்தானியா தைலம்: தலையிலா, காலிலா?

நம்ம கரையின் மூன்று ஊர்களிலிருந்து:

தங்கச்சிமடம்:
நம்ம கரையில் அன்பியக் (பங்கின் சிறு குழு) கூட்டங்களில் இந்தக் கேள்வி சூடுபிடிப்பது, மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு வாசகங்கள் வரும்போதுதான். குருத்து ஞாயிறன்று மாற்கு 14: பெத்தானியா ஊர் விருந்தில் ஒரு பெண் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றுகிறார். மறுநாள் திங்கள் திருப்பலியில் யோவான் 12: மார்த்தாவின் சகோதரி மரியா காலடிகளில் பூசுகிறார். 2024இல் இப்படி வந்தது, இனி 2027இல் வரும். (மாற்கு 14 இல்லாத, திருப்பாடுகளின் சுருக்க வாசகத்தைப் படித்த பங்குகளில் கேள்வியே கிளம்பாது!)

பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சார்ட் தாளில் நாலு நற்செய்திக்கும் நாலு பத்தி போடுங்க. ஊர், வீடு, நாள், பெண், தலையா காலா, முணுமுணுத்தவர் யார். நற்செய்தியாளர் சொல்லாததை வெறுமையாக விட்டுடணும். பெரும்பாலும் சறுக்குவது வீட்டில்தான். யோவானுக்கு நேரே "மார்த்தா வீடு" என்று எழுதிவிடுவாங்க. மார்த்தா பரிமாறினார், லாசர் பந்தியில் இருந்தார் என்று மட்டும்தான் யோவான் சொல்கிறார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், மத்தேயுவும் மாற்கும் சொல்லும் தொழுநோயாளர் சீமோன் வீட்டோடு மோதல் இல்லை.

நாள் கொஞ்சம் கடினம். யோவானில் பாஸ்காவுக்கு ஆறு நாள் முன், மாற்கில் இரண்டு நாள். மாற்கு 14:1-ஐ நிதானமாகப் படிங்க: அந்த இரண்டு நாள் தலைமைக் குருக்களின் சதிக்குச் சொன்ன கணக்கு. விருந்துக்கு அவர் தனியே தேதி தரவில்லை. சதிக்கும் யூதாசு காட்டிக்கொடுக்கப் போவதற்கும் நடுவே அதை வைக்கிறார். நாள் வரிசை யோவானுடையது என்று அகுஸ்தினாரே விளக்கியிருக்கிறார்.

தலை, கால்? ஒரு இராத்தல் தைலம், சுமார் 325 கிராம், இரண்டுக்கும் போதும் என்பாங்க. போதும்தான், ஆனால் அப்படி எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை அப்படியே விட்டுடறதுதான் நேர்மை.

பாம்பன்:
லூக்கா 7-ஐ அந்தச் சார்ட்டில் தனியா வைங்க. அது பரிசேயர் சீமோன் வீடு, அங்கே தைலம் பூசுபவர் பாவியான ஒரு பெண். பேச்சு மன்னிப்பைப் பற்றியது, பெத்தானியாவில் போல இயேசுவின் நல்லடக்கத்தைப் பற்றியது இல்லை. தைலத்தை 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்ற கணக்கும் அங்கே கிடையாது. சீமோன் என்ற பேரை மட்டும் வைத்து ஒன்றாக்கினால் பெத்தானியா மரியா பாவியாகிவிடுவார், மகதலா மரியாவும் கூடவே மாட்டிக்குவார். 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரி தம் மறையுரையில் மூவரையும் ஒருவராக்கினார். 1969 திருவழிபாட்டு நாள்காட்டி அந்தக் குழப்பத்தைக் கைவிட்டது. 2021இல் ஜூலை 29 மார்த்தா, மரியா, லாசர் மூவருக்குமான நினைவு நாளானது.

மூக்கையூர்:
இங்கே சபைக்காரங்க கேட்பது வேற. தாவீதுக்கு மூன்று தடவை அபிஷேகம் ஏன்? 1 சாமுவேல் 16இல் கடவுளின் தேர்வு, வீட்டுக்குள். 2 சாமுவேல் 2இல் யூதா குலம், 5இல் மொத்த இஸ்ரயேல். திருமுழுக்கில் உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசிய பிள்ளைக்கு உறுதிப்பூசுதலில் நெற்றியிலும் பூசுறோமே, அதுபோல.

அடுத்த கேள்வி: ஆண்டவரின் ஆவி சவுல் அரசரை விட்டு நீங்கியபின் (1 சாமுவேல் 16:14) அவர் எப்படி "ஆண்டவரின் அபிஷேகம் பெற்றவர்" (24:6)? அரச பதவி இன்னும் அவரிடமே இருந்தது. இதோடு "நான் அபிஷேகம் செய்தவர்களைத் தொடாதீர்கள்" என்ற சங்கீதம் 105:15-ஐச் சேர்த்து, போதகரைக் கேள்வியே கேட்கக்கூடாது என்பாங்க. அதே 24ஆம் அதிகாரத்தை முழுசா வாசிக்கச் சொல்லுங்க. சவுல்மேல் கைவைக்க மறுத்த தாவீது, குகைக்கு வெளியே வந்து அவர் செய்த அநியாயத்தை அவர் முகத்துக்கு நேரே கேட்கிறார்.