விஜய் ஐயரின் சிறு குழுப் பதிவுகள்: தாளம் பழகிய காது எங்கிருந்து தொடங்குவது?

கோபி மிருதங்கம்:

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிச்செட்டிபாளையத்தில் இருபது ஆண்டுகளாக மிருதங்கம் வாசித்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். ஜாஸ் இசை எனக்குப் பழக்கமில்லாதது. கோவையில் படிக்கும் என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, அமெரிக்காவில் வாழும் பியானோ கலைஞர் விஜய் ஐயர் 2009-இல் தம் மூவர் குழுவோடு வெளியிட்ட ‘ஹிஸ்டாரிசிட்டி’ என்ற தொகுப்பை என் கைபேசியில் ஏற்றிக்கொடுத்து, “மாமா, இதற்குத் தாளம் போட்டுக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து விடியற்காலைச் சாதகத்துக்கு முன் அதைத்தான் கேட்டு வருகிறேன்.

என் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தாளம் கையில் இருந்தால்தான் பாட்டு காதில் ஏறும். தாளச் சுற்று தொடங்கும் சமம் எது, பாட்டு தொடங்கும் எடுப்பு எது என்று தெரிந்த பிறகே மனம் உள்ளே போகும். இந்தப் பதிவிலோ டிரம்ஸை நம்பிக் கை போட்டால், சில சுற்றுகளில் பியானோவின் இடது கை வேறோர் இடத்தில் விழுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பாஸ் நழுவிவிடுகிறது. ஆனாலும் மூவரும் ஒருவரையொருவர் தவறவிடவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. தாளச் சொற்களைக் கோத்து முடிக்கும் கோர்வை சமத்தில் வந்து விழுவதுபோல அவர்கள் ஒன்றாக வந்து நிற்கும் இடங்களில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

இவருடைய மூவர், இருவர் குழுப் பதிவுகளை எந்த வரிசையில் கேட்டால் எனக்கு வழி திறக்கும்? இவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்கிறார்கள். நம்முடைய லயக் கணக்கு இதற்குள் உண்மையில் இருக்கிறதா?

சோமனூர் தறிக்குடோன்:

ஐயாவுக்கு வணக்கம். நான் இசை படித்தவன் அல்லன். சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவன். இந்த மூவரின் பதிவுகளைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். எனக்கு அவை பிடிபட்டது எங்கள் தறிக்குடோனில்தான் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் தறிகள் எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்குத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் பெல்ட்டின் இறுக்கத்தில் சிறு வித்தியாசம் இருக்கும். அதனால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தறிகளில், ஊடை என்னும் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா அடிபடும் ஓசை சற்று நேரம் ஒன்றாக விழும். பிறகு ஒன்று மயிரிழை முந்தி இரட்டை அடியாகக் கேட்கும். மெல்ல விலகி விலகி, ஒன்றின் இடைவெளியில் மற்றது சரியாக உட்காரும். மறுபடியும் நெருங்கி ஒன்றாகும். தறி ஓட்டுபவர் எதையும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. தம் பொறுப்பில் உள்ள நான்கு தறிகளையும் சேர்த்து ஒரே ஓசையாகக் காதில் வைத்திருப்பார். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் ஒரு தறியில் ஊடை அறுந்தாலும் திரும்பிப் பார்க்காமலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தறி தன்னறியாமல் விலகிச் சேர்கிறது. விஜய் ஐயரும், பாஸ் வாசிக்கும் ஸ்டீபன் கிரம்ப்பும், டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோரும் அறிந்தே விலகி, அறிந்தே சேர்கிறார்கள். ஆகவே முதல் பத்து முறை கையை மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிறகு கை போடலாம். ‘ஹிஸ்டாரிசிட்டி’யிலேயே ‘டோகான் ஏ.டி.’ என்றொரு உருப்படி இருக்கிறது. சாக்ஸபோன் கலைஞர் ஜூலியஸ் ஹெம்ஃபில் 1972-இல் பதிவுசெய்தது. அது பதினொரு எண்ணிக்கையில் சுழல்வது. நான்கு, நான்கு, மூன்றாகத் தகதிமி தகதிமி தகிட என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அது ஒரு நாளிலேயே வசப்படும்.

அடுத்து ‘மிஸ்டிக் புரூ’. ஆர்கன் கலைஞர் ரானி ஃபாஸ்டர் 1972-இல் வெளியிட்ட மெட்டு இது. பிற்காலத்தில் ‘எ டிரைப் கால்டு குவெஸ்ட்’ என்ற ஹிப் ஹாப் குழு இதை எடுத்தாண்டு புகழ்பெறச் செய்தது. இதைத்தான் விஜய் ஐயர் முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும்படி 3, 5, 8, 13, 21 என்று போகும் ஃபிபனாச்சி வரிசையில் அமைத்திருக்கிறார். சுற்றை ஒரு நெடிய துண்டாகவும் ஒரு குறுகிய துண்டாகவும் பிரித்து, அந்த இரண்டையும் வரிசையில் அடுத்தடுத்து வரும் இரு எண்களின் விகிதத்தில் வைக்கிறார். ஐந்துக்கு மூன்று, எட்டுக்கு ஐந்து, பதின்மூன்றுக்கு எட்டு என்று எண்கள் பெரிதானாலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், சாய்ந்து நடக்கும் அந்த நடை மாறாமல் உள்ளே இடம் மட்டும் விரிகிறது. இந்த எண்கள் நமக்கு அந்நியமும் அல்ல. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று வைத்துக்கொண்டு, நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எழுதிப் பார்த்தால் ஐந்து விதம் வரும். ஐந்து மாத்திரைக்கு எட்டு விதம் வரும். விரகாங்கர், ஹேமசந்திரர் போன்ற யாப்பிலக்கணப் புலவர்கள் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சிக்கு முன்பே இந்தக் கணக்கைச் செய்தவர்கள்.

இந்த இரண்டும் பிடிபட்ட பின் 2012-இல் வந்த ‘ஆக்செலராண்டோ’வுக்குப் போங்கள். அதில் மைக்கேல் ஜாக்சன் பாடிய ‘ஹியூமன் நேச்சர்’ இருக்கிறது. தெரிந்த மெட்டு மேலே மிதப்பதால் கீழே நடப்பதைக் கவனிக்க மனம் ஓய்வாக இருக்கும். நீங்கள் மிருதங்கக்காரர் என்பதால், 2011-இல் வந்த ‘தீர்த்தா’வை இவை எல்லாவற்றுக்கும் முன்பே கேட்டுவிடுவது எளிது. அதில் கர்நாடக முறையில் கிடார் வாசிக்கும் பிரசன்னாவும், தபலா வாசிக்கும் நிதின் மிட்டாவும் உடன் இருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும்.

பேரூர் வீணை:

தறியைப் பற்றி அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். இனி இந்த மூவரை அப்படித்தான் கேட்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் ‘தீர்த்தா’விலிருந்து தொடங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது அழகான தொகுப்புதான். மிருதங்கம் பழகிய ஒருவர் அதை முதலில் கேட்டால், தமக்குத் தெரிந்ததை மட்டும் அதில் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்துவிட்டு, விஜய் ஐயரின் முதன்மையான பாதையைக் கர்நாடக இசையின் கிளையாக எண்ணிவிடுவார். எனக்கே அப்படி நடந்தது. அந்த எண்ணத்தைக் கழற்ற இரண்டு ஆண்டு ஆயிற்று.

அவர் 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் மேற்கத்திய முறையில் வயலின் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் பயின்றார். பியானோவைப் பெரும்பாலும் தாமே காதால் கேட்டுக் கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வின் பொருள், மேற்கு ஆப்பிரிக்க இசையிலும் ஆப்பிரிக்க-அமெரிக்க இசையிலும் லயம் உடம்பின் வழியாக எப்படி உணரப்படுகிறது என்பது. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மனோடு சேர்ந்து வாசித்து வளர்ந்தவர். தெலோனியஸ் மங்க், ஆண்ட்ரூ ஹில் ஆகியோரின் பியானோவைத் தம் முன்னோடியாகக் கொண்டவர். கறுப்பின மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உருவாக்கிய மரபுக்குள் அவர் பணிவோடு நுழைந்து உழைத்திருக்கிறார் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டு கேட்டால், நம்முடைய லயம் அதற்குள் எங்கே தலைகாட்டுகிறது என்பது பிறகு தானே தெரியும்.

அப்படித் தலைகாட்டும் இடத்தையும் சொல்கிறேன். இதே மூவர் 2014-இல் நியூயார்க்கில் பதிவுசெய்து, 2015-இல் இசிஎம் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ‘பிரேக் ஸ்டஃப்’ தொகுப்பில் ‘மிஸ்டரி வுமன்’ என்ற உருப்படி உள்ளது. அதன் கூட்டு நடைகள் தென்னிந்தியத் தாள வாத்தியங்களிலிருந்து பெற்றவை. அதைக் கோபி ஐயா கேட்டால் என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார். அதே தொகுப்பில் டெட்ராய்ட் நகரத்து டெக்னோ என்னும் மின்னணு இசைக் கலைஞர் ராபர்ட் ஹுட்டுக்குக் காணிக்கையாக ‘ஹுட்’ இருக்கிறது. ஒரு சிறு ஓசைத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வைத்து, அழுத்தம் விழும் இடத்தை மட்டும் நகர்த்திக்கொண்டே போகிறார்கள். ஜாஸ் இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1967-இல் மருத்துவமனையில் நோயோடு கிடந்தபோது எழுதிய ‘பிளட் கவுண்ட்’டை விஜய் ஐயர் தனியாக வாசித்திருப்பதும் இதில்தான். லயத்திலேயே காதை வைத்திருப்பவர்கள் அவருடைய விரல் ஒரு சுரத்தை எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பதை இந்த ஒன்றில் கேட்க வேண்டும். வீணையில் கமகம் அடங்கும்போது கிடைக்கும் மௌனம் அதில் இருக்கிறது.

இருவர் பதிவுகளைக் கேட்டிருந்தீர்கள். 2016-இல் எக்காளக் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்துடன் செய்தது, நம் நாட்டு ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களை நினைவில் கொண்டது. அதில் தாளத்தைத் தேட வேண்டாம். 2019-இல் வந்த, கிரெய்க் டேபார்னோடு இரண்டு பியானோவில் வாசித்தது கடினம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நொய்யல்கரை:

மேலே யாரும் புதிய மூவரைப் பற்றிச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 2021-இல் வந்த ‘அன்ஈஸி’ தொகுப்பில் பாஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ. டிரம்ஸ் வாசிப்பவர் டைஷான் சோரி, 2024-இல் இசையமைப்புக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர். இதே மூவரின் ‘கம்பேஷன்’ 2024-இல் வந்தது. மார்கஸ் கில்மோர் பெரும் டிரம்ஸ் கலைஞர் ராய் ஹேன்ஸின் பேரன். கில்மோரின் வாசிப்பில் ஒவ்வொரு அடியும் ஊசியால் குத்தியதுபோல இருக்கும். டைஷான் சோரியிடம் அடிக்கு முன்னும் பின்னும் காற்று அசைகிறது. ஒரே பியானோ இரண்டு பேரிடம் எப்படி வேறுவேறாகப் பேசுகிறது என்பதை அறிய இரண்டு மூவரையும் அடுத்தடுத்த நாளில் கேட்க வேண்டும்.

‘அன்ஈஸி’யின் முதல் உருப்படி ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் 2014-இல் குடிநீருக்கு ஆதாரமான ஆற்றை மாற்றிய பிறகு, பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் கலந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது இது. சாயக்கழிவு ஓடிய நொய்யலின் கரையில் வளர்ந்தவன் நான். வாய்க்காலில் ஒரு நாள் சிவப்பும் மறுநாள் நீலமுமாகத் தண்ணீர் வந்ததைப் பார்த்த கண்ணோடு இதைக் கேட்டேன். அழுகையோ கோபமோ எதையும் உரக்கச் சொல்லாமல், பியானோ ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதுபோல எனக்குப் பட்டது. கோபி ஐயாவின் தாளக் கேள்விக்கு இதில் விடை இல்லை. ஆனாலும் கேளுங்கள்.

கோபி மிருதங்கம்:

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னபடி செய்துவிட்டு வந்து எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று முதல் நாளில்தான் தெரிந்தது. விரல் தானே தொடையில் எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அது நின்றது. அப்போது ஸ்டீபன் கிரம்ப்பின் பாஸை முதன்முறையாகத் தனியே கேட்டேன். இதுவரை அவரைச் சுருதி போலப் பின்னால் வைத்திருந்தேன். அவர்தான் பல இடங்களில் மற்ற இருவரும் விலகிப் போவதற்கு இடம் பிடித்துத் தருகிறார். தம்புரா என்று நினைத்தது தவில் வேலையும் சேர்த்துச் செய்கிறது.

‘டோகான் ஏ.டி.’யைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பதினொன்றை எட்டும் மூன்றுமாகச் சொல்லச் சொன்னேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, கடைசித் தகிடவில்தான் நடை நொண்டுகிறது, அதனால்தான் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுகிறது என்று சொன்னாள். நான் அப்படி யோசித்ததில்லை. ஐந்து ஐந்தாகப் போகும் கண்ட நடை சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தாவது மாத்திரையில் பிள்ளைகள் அவசரப்படுவதைத் திருத்திக்கொண்டே இருப்பேன். அந்த அவசரமே சில இசையில் சுற்றைச் சுழற்றும் விசையாக இருக்கலாம் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பேரூர் அம்மையார் சொன்னதை மதித்து ‘தீர்த்தா’வை இன்னும் தொடவில்லை. ‘மிஸ்டரி வுமன்’ கேட்டேன். துல்லியமாகச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு என்னால் இவ்வளவுதான் முடியும். உள்ளே ஓடும் சிறு எண்ணிக்கை எங்களுக்கு உறவானது, அதை வாயால் சொல்ல முடிகிறது. அந்தச் சொற்கட்டை அவர் பியானோவில் வைக்கும்போது, எங்களைப்போல மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் ஒரு குணமும் இடப்பக்கமான தொப்பியில் ஒரு குணமுமாகப் பிரிக்காமல், இரண்டு கையாலும் ஒரே சொல்லைப் பங்கிட்டுச் சொல்கிறார். அதைத் தாள வாத்தியம் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் செய்ய முடியுமா என்று நேற்று இரவு முயன்று பார்த்தேன். இடது கைக்கு இன்னும் வரவில்லை.

‘ஹுட்’ மட்டும் எனக்கு அடங்கவே இல்லை. சோமனூர்த் தம்பி அனுமதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தத் தறிகளுக்கு நடுவே சற்று நேரம் நின்று கேட்க விரும்புகிறேன்.

சோமனூர் தறிக்குடோன்:

கட்டாயம் வாருங்கள் ஐயா. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். சனிக்கிழமை மாலை வந்தால் எல்லாத் தறியும் ஓடும். வாசலுக்கு நேராக உள்ள மூன்றாவது, நான்காவது தறிகளுக்கு நடுவே நில்லுங்கள். அந்த இரண்டும்தான் நன்றாக விலகிச் சேரும்.